பறந்தது காகித பொம்மை

போன இதழில் "சினிமாவில் முதன்முதலாகப் பறந்த காமிக்ஸ் ஹீரோ யார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். "கேப்டன் மார்வெல், 1941. ஆனால் பறந்தது நடிகர் இல்லை, காகித பொம்மை" என்று ஒன்றரை வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இந்த வாரம் வந்த தபாலிலும் மெயிலிலும் பாதிக்கு மேல் அந்த பொம்மையைப் பற்றித்தான். அதனால் சாப்பாடு, அரசியல், கிரிக்கெட் கேள்விகளெல்லாம் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளட்டும்.

அது படமா, சீரியலா? இரண்டும் சொல்கிறார்கள், குழப்பமாக இருக்கிறது.
(வாசகி, கும்பகோணம்)

இரண்டும்தான். டி.வி. வருவதற்கு முந்தின காலத்து சீரியல் இது, தியேட்டரில் ஓடியது. ஒரே கதையைப் பன்னிரண்டு அல்லது பதினைந்து துண்டாக வெட்டி வாரத்துக்கு ஒன்றாக, பெரும்பாலும் சனிக்கிழமை மேட்னியில், பெரிய படத்தோடு சேர்த்துப் போடுவார்கள். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் யாராவது ஒருவர் சாகப்போவார், திரை இருண்டுவிடும், பையன்கள் அடுத்த வாரக் காசுக்கு அப்பாவை நச்சரிக்க வேண்டியதுதான். வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்து வளர்ந்த நமக்கு இந்த வித்தையை விளக்கத் தேவையில்லை. மௌனப்பட காலத்தில் எட்டி போலோ நடித்த சீரியல்கள் நம் ஊர் கொட்டகைகளிலும் சக்கைப்போடு போட்டிருக்கின்றன.

'அட்வென்ச்சர்ஸ் ஆஃப் கேப்டன் மார்வெல்' பன்னிரண்டு அத்தியாயம். முதலாவது அரை மணி நேரம், மற்றவை பதினேழு நிமிடத்துக்குப் பக்கமாக. ரிபப்ளிக் பிக்சர்ஸ் தயாரிப்பு. முதல் அத்தியாயம் வெளியானது 1941 மார்ச் 28.

கேப்டன் மார்வெல் பெண் அல்லவா சார்? நான் தியேட்டரில் பார்த்தேனே!
(கல்லூரி மாணவி, சேலம்)

நீங்கள் பார்த்ததும் சரி, நான் எழுதியதும் சரி. பெயர் ஒன்று, ஆள் வேறு.

என்னுடையவர் மூத்தவர். 1940-ல் ஃபாசெட் என்ற பதிப்பகத்தின் 'விஸ் காமிக்ஸ்' இதழில் பிறந்தவர். எழுதியது பில் பார்க்கர், வரைந்தது சி.சி. பெக். பில்லி பேட்சன் என்ற பொடியன் 'ஷஜாம்' என்று ஒரு சொல்லைச் சொன்னால் மின்னல் வெட்டி, மலை மாதிரி ஒரு ஆசாமியாக மாறிவிடுவான். சாலமன், ஹெர்குலிஸ், அட்லஸ், ஜீயஸ், அகிலிஸ், மெர்குரி என்ற ஆறு பேரின் முதல் எழுத்துகள் ஆங்கிலத்தில் சேர்ந்தால் அந்தச் சொல். தமிழில் சேர்த்துப் பார்த்தேன், 'சாஹெஅஜீஅமெ' என்று வருகிறது. மின்னல் வராது, விக்கல்தான் வரும்.

பிறகு ஃபாசெட் காமிக்ஸ் கடையை மூடியது (ஏன் என்பது கீழே, சென்னை வக்கீலுக்கான பதிலில்). சும்மா கிடந்த பெயரை 1967-ல் மார்வெல் கம்பெனி எடுத்துக்கொண்டது. பழைய கேப்டனை 1972-ல் சூப்பர்மேன் கம்பெனியான டி.சி. உரிமம் வாங்கிப் போட்டபோது அட்டையில் அவர் பெயரையே போட முடியாமல், மந்திரச் சொல்லைத் தலைப்பாக வைத்தார்கள். 2019-ல் கேப்டன் மார்வெல் என்று ஒரு படம், ஷஜாம் என்று ஒரு படம், இரண்டும் சில வார இடைவெளியில் வந்ததே, அந்தக் கூத்தின் வேர் இங்கே இருக்கிறது.

சூப்பர்மேன் அப்போதே இருந்தாரே, அவரை விட்டுவிட்டு இவரை ஏன் பிடித்தார்கள்?
(மதுரை)

விடவில்லை, கிடைக்கவில்லை. ரிபப்ளிக் முதலில் போய்க் கதவைத் தட்டியது சூப்பர்மேன் வீட்டில்தான். அவர்கள் கதை விஷயத்தில் தங்கள் பிடி இருக்க வேண்டும் என்றார்கள், பேச்சு இழுத்தது, கடைசியில் உரிமை பாரமவுண்டுக்குக் கார்ட்டூன் எடுக்கப் போய்விட்டது. ரிபப்ளிக் கையில் மிச்சம் இருந்தது எழுதிய ஸ்கிரிப்ட்.

சின்ன கம்பெனிக்காரன் ஸ்கிரிப்டைக் குப்பையில் போடுவானா? சூப்பர்மேனை உருவிவிட்டு, அந்த இடத்தில் முகமூடி போட்ட சாதாரண மனிதன் ஒருவனை நுழைத்து 'மிஸ்டீரியஸ் டாக்டர் சாத்தான்' என்ற பெயரில் 1940 கடைசியிலேயே வெளியிட்டார்கள். அதன் கதாநாயகி பெயர் லோயிஸ்! சூப்பர்மேனின் காதலி பெயரை மாற்றக்கூட யாருக்கும் தோன்றவில்லை, அல்லது நேரமில்லை.

ஆனாலும் பறக்கிற ஆள் ஒருவனை எடுத்தே தீருவது என்ற ஆசை போகவில்லை. ஃபாசெட்டிடம் பேசினார்கள், உடனே படிந்தது. காமிக் புத்தகத்தில் பிறந்த சூப்பர்ஹீரோ ஒருவர் படத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. ஃபிளாஷ் கார்டன் 1936-லேயே வந்துவிட்டாரே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான், ஆனால் அவர் செய்தித்தாள் படக்கதை ஆள், அந்தரத்தில் தானாகப் பறக்கவும் தெரியாதவர். சூப்பர்மேன் கார்ட்டூன் 1941 செப்டம்பரில்தான் வந்தது. ஆறு மாதத்தில் முந்திக்கொண்டார் நம்மவர்.

நான் ஸ்டண்ட் துறையில் இருக்கிறேன். ரோப் கட்டி ஆளைத் தூக்குவதே இன்றைக்கும் பெரும்பாடு. 1941-ல் பொம்மையை எப்படிப் பறக்கவிட்டார்கள்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.
(வடபழனி)

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த வாரம் முழுப் பகுதியையும் ஒதுக்கினேன்.

ஹோவர்ட், தியோடோர் என்று லைடெக்கர் சகோதரர்கள் இருவர், ரிபப்ளிக்கின் தந்திரக் காட்சி ஆட்கள். ஆள் உயரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காகிதக் கூழில் ஒரு பொம்மை செய்தார்கள். நம் கொலு பொம்மை ஜாதிதான், எடை ஏழு கிலோவுக்குள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மார்பை நிமிர்த்தி, முதுகை லேசாக வளைத்து, ஒரே ஒரு நிலையில் உறைந்த பொம்மை. தோள்பட்டையில் இரண்டு, கெண்டைக்காலில் இரண்டு என்று நாலு சின்னக் கப்பி. இரண்டு மெல்லிய கம்பிகளை உயரமான இடத்திலிருந்து தாழ்வான இடத்துக்கு நீளமாக இழுத்துக் கட்டி, கப்பிகளை அதில் மாட்டி, கையை எடுத்துவிட வேண்டியதுதான். மீதியைப் பூமியே பார்த்துக்கொள்ளும். மோட்டார் கிடையாது.

சரி, கீழே இறங்க இது போதும், மேலே ஏறுவது? அங்கேதான் ஆட்கள் கெட்டிக்காரர்கள். பொம்மையைக் கம்பியில் பின்புறமாக இழுத்துவிட்டுப் படம்பிடித்து, ஃபிலிமைத் தலைகீழ் வரிசையில் ஓட்டினார்கள். பின்னால் இறங்கியவன் முன்னால் ஏறுவான்! ஆனால் பின்னால் போகும்போது காற்றில் அங்கி தலைக்கு மேல் வந்து விழுமே, குட்டு வெளிப்பட்டுவிடுமே. அதற்காக அங்கியின் ஓரத்தில் கனம் வைத்துப் படிய வைத்தார்கள். அங்கி விஷயத்தை ஒருவர் முன்கூட்டியே யோசித்திருக்கிறார் பாருங்கள், அந்த மனிதருக்கு என் கும்பிடு.

புது வித்தையும் இல்லை இது. அதே ரிபப்ளிக் 1936-ல் எடுத்த ஒரு காட்டு சீரியலில் இறக்கை வைத்த மனிதர்களை இப்படித்தான் பறக்கவிட்டிருந்தார்கள். இந்தத் தடவை இணைப்பைச் சரியாகப் பிடித்தார்கள். ஆள் எம்பிக் குதிப்பது ஒரு ஷாட், பொம்மை போவது ஒரு ஷாட், ஆள் மேலேயிருந்து குதித்து நிற்பது ஒரு ஷாட். மூன்றும் சேரும் இடத்தில் கண் ஏமாறுகிறது. நடிகரையே கம்பியில் தொங்கவிட்டுப் பின்னால் திரையில் மேகத்தை ஓட்டிய குளோசப்புகளும் சில உண்டு, அவைதான் படத்திலேயே மட்டம். அந்தரத்தில் துணி காயப்போட்ட மாதிரி இருக்கும்.

பொம்மை மட்டும் ஏன் இன்றைக்கும் பார்க்க நன்றாக இருக்கிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அது நிஜமாகவே போகிறது, அவ்வளவுதான் காரணம். நிஜ வெயில், நிஜ மலை, நிஜக் காற்று, உண்மையான கனம் உள்ள ஒரு பொருள் உண்மையான வேகத்தில் பள்ளத்தாக்கைத் தாண்டுகிறது. லைடெக்கர் சகோதரர்கள் மினியேச்சர் வீடு, கார், கப்பல் எதுவானாலும் முடிந்தவரை பெரிய அளவில் செய்து, வெளியே சூரிய வெளிச்சத்தில் வைத்து எடுக்கிறவர்கள். 1948-ல் கொலம்பியா கம்பெனி சூப்பர்மேன் சீரியல் எடுத்தபோது கிர்க் ஆலின் எம்பிக் குதிப்பார், குதித்த மறுகணம் கார்ட்டூன் சித்திரமாக மாறி ஊர்ந்து போவார். ஏழு வருடம் பின்னால் வந்தும் அது பத்து வருடம் முன்னால் எடுத்த மாதிரி இருக்கும். என் பேத்தி இரண்டையும் பார்த்துவிட்டு, "அது படம், இதுதான் பறக்கிறது" என்றாள். கூடவே "ஆனா ஏன் தாத்தா இவ்வளவு விறைப்பா இருக்கார்?" என்றும் கேட்டாள். பதில் சொல்லவில்லை.

அப்படியானால் கேப்டன் மார்வெலாக நடித்தவருக்கு என்னதான் வேலை?
(திருச்சி)

குறும்பான கேள்வி. ஆனால் நியாயமானது. கணக்குப் போட்டால் அந்த ஒரு ஹீரோவுக்கு நாலு உடம்பு. மந்திரச் சொல்லைச் சொல்கிறவர் ஒருவர், மாறி நிற்கிறவர் ஒருவர், சண்டையில் பாய்கிறவர் ஒருவர், பறக்கிறது பொம்மை.

சொல்கிறவர் ஃபிராங்க் காக்லன் ஜூனியர். மௌனப்பட காலத்துக் குழந்தை நட்சத்திரம், வளர்ந்தபின் வாய்ப்பு குறைந்தவர். காமிக்ஸில் பில்லி சின்னப் பையன், இவருக்கு அப்போது 24 வயது. முகம் காப்பாற்றியது. 'ஷஜாம்' என்றதும் முன்னால் வைத்த வெடிமருந்துத் தூள் குப்பென்று புகையும், அந்தப் புகைக்குள் இவர் போய் மற்றவர் வந்து நிற்பார்.

அந்த மற்றவர் டாம் டைலர். 37 வயது, சொந்தப் பெயர் வின்சென்ட் மார்கோவ்ஸ்கி, லித்துவேனிய வம்சாவளி. பளுதூக்குவதில் அமெரிக்க அளவில் பெயர் வாங்கியவர், குதிரைப் படங்களில் ஹீரோ. ஒட்டிய கன்னம், கூர்மையான கண், அதிகம் பேசமாட்டார். சிரிக்கக்கூட மாட்டார். ஓவியர் பெக் வரைந்த கேப்டன் கொஞ்சம் குண்டுக் கன்னத்தோடு, ஃபிரெட் மக்மரி என்ற நடிகர் சாயலில், நம்ம வீட்டுச் சித்தப்பா மாதிரி இருப்பார். டைலர் அப்படி இல்லை. தோட்டா நெஞ்சில் பட்டுத் தெறிக்கும்போது அவர் மெதுவாக நடந்து வருவார் பாருங்கள், அந்த நடைக்காகவே அவர்தான் கேப்டன் என்று நான் எந்தக் கோர்ட்டிலும் சாட்சி சொல்வேன். வாங்கிய சம்பளத்துக்குத் தகுந்த வேலை அது.

பாய்கிறவர் டேவ் ஷார்ப், டைலருக்கு டூப். டம்ப்ளிங் என்ற கரண வித்தையில் தேசிய சாம்பியன். முதல் அத்தியாயத்திலேயே நின்ற இடத்தில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு, அந்தச் சுழற்சியிலேயே வந்த இரண்டு பேரின் முகவாயில் உதைத்துவிட்டு நேராக நிற்பார். கம்பி இல்லை, கட் இல்லை. வடபழனி அன்பர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு எனக்கு எழுத வேண்டும்.

ஒரு தமாஷ். 1939-ல் வந்த 'கான் வித் த விண்ட்' படத்தில் டைலரும் இருக்கிறார், காக்லனும் இருக்கிறார். டைலர் படை அதிகாரி, காக்லன் மயங்கி விழும் சிப்பாய். ஒரே ஹீரோவின் இரண்டு பாதிகள் ஒன்றேகால் வருடம் முன்பே ஒரே படத்தில் கூட்டத்தோடு கூட்டமாக வந்து போயிருக்கின்றன.

செலவு எவ்வளவு ஆயிற்று?
(கோவை)

கோவைக்காரர் வேறென்ன கேட்பார்! ஒதுக்கியது 1,35,553 டாலர். ஆனது 1,45,588 டாலர். பத்தாயிரம் டாலர் கூடுதலாக ஆனதற்கே ஆபீசில் முகம் சுளித்திருப்பார்கள். படப்பிடிப்பு 1940 டிசம்பர் 23-ல் ஆரம்பித்து 1941 ஜனவரி 30-ல் முடிந்தது. கிறிஸ்துமஸும் புத்தாண்டும் நடுவில். ஐந்தரை வாரத்தில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். மேலே சொன்ன 'கான் வித் த விண்ட்' நீளத்துக்குக் கிட்டத்தட்ட சமம், அதன் செலவு சுமார் 39 லட்சம் டாலர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் முடிந்ததற்கு ஒரு காரணம், இயக்குநர்கள் இரண்டு பேர். வில்லியம் விட்னி, ஜான் இங்கிலிஷ். ஒருநாள் ஒருவர் எடுப்பார், மற்றவர் மறுநாள் காட்சிகளுக்குத் தயார் செய்வார். அடிதடியெல்லாம் விட்னி, பேசுகிற காட்சிகள் இங்கிலிஷ். விட்னிக்கு அப்போது 25 வயதுதான். அவர் வருவதற்கு முன்னால் சண்டைக்காட்சி என்றால் காமிராவைத் தள்ளி வைத்து, பத்து பேரை உள்ளே விட்டு, "அடிச்சுக்குங்க" என்று சொல்வதுதான். விட்னி ஒருநாள் பஸ்பி பெர்க்லி என்ற நடன இயக்குநர் நடனக் காட்சி எடுப்பதை வேடிக்கை பார்த்தார். நடனத்தைத் துண்டு துண்டாக ஒத்திகை பார்த்துத் துண்டு துண்டாக எடுக்கிறார்கள், சண்டையை ஏன் அப்படி எடுக்கக்கூடாது? ஒரு குத்து, கட். மேஜை உடைவது, கட். இன்றைக்கு நம் ஃபைட் மாஸ்டர்கள் 'கம்போஸ்' செய்கிறார்களே, அந்த வழக்கத்தின் ஒரு ஊற்று அங்கே இருக்கிறது.

பின்னணி இசைக்குப் பொறுப்பாக இருந்த சை ஃபியூர் பிற்பாடு பிராட்வே நாடக உலகில் பெரிய தயாரிப்பாளராகி, 1972-ல் 'கேபரே' படத்தையும் தயாரித்தார். சின்னக் கம்பெனியில் தொழில் கற்றவர்கள் வீண்போவதில்லை.

எங்கள் மாயாவியாக நடித்ததும் இதே டாம் டைலர்தான் என்கிறானே என் நண்பன், பந்தயம் நூறு ரூபாய்.
(சிவகாசி)

நூறு ரூபாயைக் கொடுத்துவிடுங்கள். 1943-ல் கொலம்பியா எடுத்த 'தி ஃபேன்டம்' பதினைந்து அத்தியாய சீரியலில் டைலர்தான் நாயகர். ராணி காமிக்ஸ் வாசகர்களுக்கு மாயாவி, முத்து காமிக்ஸ் வாசகர்களுக்கு வேதாளர். காமிக்ஸ் பிறக்கும் ஊரிலிருந்து எழுதுகிறீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் மற்றவர்களுக்காக: இரும்புக்கை மாயாவி வேறு ஆள், அவர் பிரிட்டன்காரர்.

ஒட்டுடை, முகமூடி, மோதிரம் எல்லாம் டைலருக்கு அச்சாகப் பொருந்தியது. ஆனால் அதற்குப் பிறகு அவருக்கு நல்ல காலம் இல்லை. மூட்டுகள் முடங்கிப்போகும் நோய் வந்து, பளு தூக்கிய அந்த உடம்பு சின்னச் சின்ன வேஷங்களுக்கே ஈடுகொடுக்க முடியாமல் போயிற்று. டெட்ராய்ட் பக்கத்தில் ஹாம்ட்ராமிக் என்ற ஊரில் சகோதரி வீட்டில் கடைசிக் காலத்தைக் கழித்தார். 1954-ல் இறந்தபோது வயது 50.

காக்லன் வேறு மாதிரி. யுத்தத்தில் கடற்படை விமானியாகச் சேர்ந்தவர் இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டார். பறக்கிற ஹீரோவின் பறக்காத பாதி, நிஜமாகவே பறந்தது! 1974-ல் டி.வி.க்கு ஷஜாம் தொடர் எடுத்தபோது ஒரு அத்தியாயத்தில் கௌரவ வேஷத்தில் வந்தார். 2009-ல், 93 வயதில் காலமானார்.

கதாநாயகி?
(கொழும்பு)

லூயிஸ் கர்ரி. 2013-ல் இறந்தார், நூறு வயது வாழ்ந்து. படத்தில் பெட்டி வாலஸ் என்ற செயலாளர் வேஷம். காரோடு ஆற்றில் விழுவது, கட்டிப்போடப்படுவது, மறுபடி கடத்தப்படுவது. நடுவே துப்பாக்கியும் எடுப்பார். கூடவே வில்லியம் பெனடிக்ட் நடித்த வைட்டி என்ற நண்பன். இருவருமே படத்துக்காக உண்டாக்கியவர்கள்.

குழந்தைகளுக்கான படம் என்று நம்பிப் பேரனுக்குப் போட்டுக் காட்டினேன். ஹீரோ மெஷின் கன்னை எடுத்து, ஓடுகிறவர்களைச் சுடுகிறார். இது என்ன ஹீரோ?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்)

அம்மா, உங்கள் கோபம் முழுக்க நியாயம். நானும் முதல் தடவை பார்த்தபோது திரும்ப ஓட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் பார்த்தேனா என்று. முதல் அத்தியாயத்திலேயே அது நடக்கிறது. தோட்டா துளைக்காத ஆள், முதுகு காட்டி ஓடுகிறவனைச் சுடுவதில் என்ன வீரம்? பின்னால் ஒருவனை மாடியிலிருந்து தூக்கியும் எறிகிறார். காமிக்ஸில் வந்த கேப்டன் இப்படி இல்லை, அது பெரும்பாலும் சிரித்துக்கொண்டே படிக்கிற சமாச்சாரம். குதிரைப் படம் எடுத்துப் பழகிய கை, கெட்டவன் செத்தால் கைதட்டல் என்று கணக்குப் போட்டிருக்கிறது.

இன்னொன்றும் உறுத்தும். கதை தொடங்குவது சயாமில், பழைய கல்லறைப் பள்ளத்தாக்கில் ஆராய்ச்சிக்குப் போன வெள்ளைக்காரக் குழுவோடு. அங்குள்ள மக்களைக் கூச்சலிடும் கும்பலாக மட்டுமே காட்டுகிறார்கள். சயாம் 1939-லேயே தாய்லாந்து என்று பெயர் மாறிவிட்டதுகூட எழுதியவர்களுக்குப் பொருட்டாக இல்லை. எடுத்தது கலிபோர்னியாப் பாறைகளில். பேரனுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் கழித்து, பக்கத்தில் உட்கார்ந்து, இதையெல்லாம் சொல்லிக்கொண்டே காட்டுங்கள்.

ஹீரோவுக்கு எதுவும் ஆகாது என்றால் வாரா வாரம் எதை வைத்து பயமுறுத்தினார்கள்?
(ஈரோடு)

எழுதியவர்கள் ஐந்து பேர், அவர்கள் ஐந்து பேருக்கும் இதுதான் தலைவலி. கதையில் தங்கத் தேள் சிலை ஒன்று, அதன் நகங்களில் லென்ஸ்கள். எல்லா லென்ஸும் ஒரு கோட்டில் சேர்ந்தால் கல்லைத் தங்கமாக்கலாம், மலையையும் தகர்க்கலாம். ஆராய்ச்சிக் குழுவில் ஆளுக்கொரு லென்ஸாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஸ்கார்ப்பியன் என்ற முகமூடி வில்லன் ஒவ்வொன்றாகப் பறிக்கிறான். அவனும் அந்தக் குழுவில் ஒருவன்தான்.

ஆபத்தை மூன்று விதமாக வைத்தார்கள். ஒன்று, கதாநாயகி பெட்டி வாலஸை ஆபத்தில் மாட்டிவிடுவது. இரண்டு, பில்லியின் வாயைக் கட்டிவிடுவது. சொல்லைச் சொன்னால்தானே மின்னல்! வாயில் துணி அடைத்தால் உலகத்தின் மிகப் பலசாலி வெறும் பையன். அருமையான யோசனை, கடைசி அத்தியாயத்தில் இதை நன்றாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். மூன்றாவது, வெறும் கண்துடைப்பு. கேப்டன் மயங்கிக் கிடக்க, ஓடும் பட்டை அவரை கில்லட்டின் கத்திக்கு அடியில் கொண்டுபோகிறது, கத்தி இறங்குகிறது, தொடரும்! அடுத்த வாரம்? கழுத்தில் பட்டு கத்தி உடைகிறது. தோட்டா துளைக்காத கழுத்தைக் கத்தி வெட்டாது என்று ஒரு வாரமாகத் தெருவில் எந்தப் பையனும் யோசிக்கவில்லையா என்ன? யோசித்திருப்பான். போய்ப் பார்த்தும் இருப்பான்.

சூப்பர்மேன் கம்பெனி வழக்குப் போட்டதாமே, முடிவு என்ன?
(வழக்கறிஞர், சென்னை)

சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்குப் பழக்கமான கதைதான். கேப்டன் மார்வெல் எங்கள் சூப்பர்மேனின் நகல் என்று 1941-ல் ஃபாசெட் மேலும் ரிபப்ளிக் மேலும் வழக்கு. விசாரணைக்கு வந்தது 1948-ல்! 1950-ல் வந்த முதல் தீர்ப்பு வேடிக்கையானது: நகல் எடுத்தது உண்மை, ஆனால் சூப்பர்மேன் செய்தித்தாள் படக்கதைகள் சிலவற்றில் காப்புரிமைக் குறிப்பை ஒழுங்காகப் போடாததால் உரிமை போச்சு. 1951-ல் மேல்முறையீட்டில் நீதிபதி லெர்னட் ஹேண்ட் அதைத் திருப்பிப் போட்டார். ஒரு காலத்தில் விற்பனையில் சூப்பர்மேனையே மிஞ்சியவர் கேப்டன், ஆனால் ஐம்பதுகளில் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் விற்பனை படுத்துவிட்டது. இதற்குமேல் வக்கீல் ஃபீஸ் கட்டுவானேன் என்று ஃபாசெட் 1953-ல் நாலு லட்சம் டாலர் கொடுத்து சமரசமாகி, கேப்டனையும் நிறுத்தியது. அதே 1953-ல் ரிபப்ளிக் இந்த சீரியலுக்குத் 'ரிட்டர்ன் ஆஃப் கேப்டன் மார்வெல்' என்று புதுப் பெயர் ஒட்டி மறுபடி தியேட்டருக்கு அனுப்பியது. ஆள் போய்ச்சேர்ந்த வருடத்தில் 'திரும்பி வந்தார்' என்று போஸ்டர்!

ஸ்கார்ப்பியன் யார் அங்கிள்? பன்னிரண்டு பாகம் பார்க்க அம்மா விடமாட்டாங்க. சொல்லிடுங்க.
(எட்டாம் வகுப்பு, புதுச்சேரி)

சொல்ல மாட்டேன் தம்பி. குரலை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றும் நினைக்காதே. முகமூடிக்குள்ளிருந்து பேசுவது ஜெரால்ட் மோர் என்ற வேறொரு நடிகர், டைட்டிலில்கூடப் பெயர் கிடையாது. சந்தேகப்படுகிற அத்தனை பேரிடமும் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்து நான் ஏமாந்தேன். அம்மாவிடம் ஒரு நாளைக்குப் பதினேழு நிமிடம் மட்டும் கேள். நான் பன்னிரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்த்துத் தலைவலியோடு படுத்தேன், அப்படிச் செய்யாதே. முதல் நாள் மட்டும் அரை மணி நேரம் ஆகும், அதை முன்கூட்டியே சொல்லிவிடு. பன்னிரண்டாவது நாள் முகமூடி கழலும்போது நீ நினைத்த ஆள்தானா என்று எனக்கு எழுது.